இரண்டு ராஜாக்களைக் கவிழ்த்தவன்

அத்தியாயம் 7

ஹரீஷ்குமார் காணாமல் போய் அன்றோடு ஐந்து நாள். துப்பறியும் தொழிலில் ஐந்தாம் நாள் ரொம்பப் பொல்லாத நாள். நாலாம் நாள் வரைக்கும் ‘எங்கே இருக்கிறான்’ என்று கேட்டவர்கள், ஐந்தாம் நாள் ‘இருக்கிறானா’ என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

விமல்ராஜ் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஏதாவது கிண்டல் வந்து விழும், முனிலட்சுமி அக்கா முறைப்பாள் என்று அவனுக்குத் தெரியும். ஓசூரில் ஒரு வண்டிப் பாகத் தொழிற்சாலையில் பதினாறு வருஷம் தரப் பரிசோதனை பார்த்தவள் அவள். நல்ல சரக்கு எது, குறைச் சரக்கு எது என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகிப்போய், வேலையை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பேக்கரி மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். விமல்ராஜ்தான் அங்கே டிரைவர், கிளார்க், உதவியாளர், கீழே போய் பன் வாங்கி வருகிறவன், எல்லாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ஹரீஷின் வீட்டில் அவன் மனைவி காவியா சோபா நுனியில் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. இவர்களை அமர்த்திக் கூட்டி வந்தவன் மாதேஷ், ஹரீஷின் உயிர்த் தோழன், ஒரே கம்பெனி, ஒரே ஷிஃப்ட். ‘என்ன செலவானாலும் சரி, அவனைக் கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம்’ என்று மூன்று நாளாக ஆபீஸ் வாசலிலேயே பழியாய்க் கிடந்தவன். பைக்கை எடுக்க அவன் கீழே போயிருந்த நேரத்தில் முனிலட்சுமி ஹரீஷ் போயிருக்கக்கூடிய ஊர்களைக் கடகடவென்று அடுக்கினாள்.

“ராயக்கோட்டை?”

“அல்லி சிக்கம்மா இதாரெ அக்கா,” என்று ஆரம்பித்துக் கன்னடத்திலேயே பொரிந்தாள் காவியா. ஆனேக்கல் பெண். சின்னம்மா வீடு தக்காளி மார்க்கெட்டுக்குப் பின்னால், போன் போட்டுப் பார்த்தாகிவிட்டது, அவர் அங்கே வரவில்லை.

“மத்தூர்?”

அதற்கும் கன்னடம். அங்கே நாத்தனார் இருக்கிறாள், காதுகுத்தில் சண்டை, செத்தாலும் அந்த வீட்டுப் படி ஏறமாட்டார்.

“அஞ்செட்டிப் பக்கம், நாட்றாம்பாளையம்?”

“அங்க எங்களுக்கு யாரும் இல்லைங்க அக்கா. நாங்க போனதே இல்ல.” இந்தத் தடவை தமிழ்.

முனிலட்சுமி தலையாட்டினாள். கீழே பைக் ஹார்ன் அடித்தது. காவியா அலமாரியைத் திறந்து ஒரு நீல அட்டை நோட்டை எடுத்து நீட்டினாள்.

“அவரு ஞாயித்துக்கிழமை சீட்டாட்டத்துக்குப் போயிட்டு வந்து எழுதற நோட்டு. உங்களுக்கு உதவுமான்னு பாருங்க.”

“குடிக்கிறவங்க உண்டு, டைரி எழுதறவங்க உண்டு. சீட்டாடிட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்,” என்றான் விமல்ராஜ். காவியா சிரிக்கவில்லை. அவனுக்கே சங்கடமாகிவிட்டது.

அந்த ஞாயிறு ஆட்டம் நடக்கிற இடத்துக்கு மாதேஷ் பைக்கில் முன்னால் போக, பழைய ஆல்ட்டோவில் விமல்ராஜ் பின்தொடர்ந்தான். பாகலூர் ரோடு. இரண்டு பக்கமும் பிளாட் போட்ட நிலம், நடுநடுவே ரோஜாத் தோட்டங்களின் வெள்ளை பாலிதீன் கூடாரங்கள். முனிலட்சுமி நோட்டைப் புரட்டிக்கொண்டு வந்தாள்.

“போக்கரு. ஆளுக்கு ரெண்டு சீட்டு, நடுவுல அஞ்சு சீட்டு, வாரா வாரம் அதே ஆளுங்க, சின்னப் பந்தயம். தோத்து தோத்துப் போன மனுசன் ஒரு நாள் உக்காந்து, ஏன் தோத்தோம்னு கம்பெனி ஃபார்ம் மாதிரி எழுத ஆரம்பிச்சிருக்கான். குறை, காரணம், திருத்தம். மூணு கட்டம்.”

“படிங்க, நானும் பணக்காரனாகறேன்.”

“குறை: வர்ற கையெல்லாம் ஆடறேன். காரணம்: சும்மா உக்கார முடியல. திருத்தம்: பத்துக்கு எட்டு கையைக் கவுத்துப் போட்டு விலகிக்கோ.” அவள் அடுத்த பக்கம் திருப்பினாள். “கவுத்துப் போட்ட பிறகு மொபைல் பாக்காதே, ஆளைப் பாரு. அடுத்தது, ரெண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கான். ‘சின்ன ஆட்டத்துல ப்ளஃப் பண்ணாதே. இங்க எவனும் பயந்து விலக மாட்டான், என்ன வெச்சிருக்கேன்னு பார்த்தே தீருவேன்னு நிப்பான். கையில சீட்டு இருந்தா மட்டும் அடி.’”

“விவரமான ஆளுதான்.”

“நாலு மாசத்துல கரையேறிட்டான். அப்புறம் ஆளாளுக்கு ஒரு பக்கம். எல்லப்பன், தக்காளி வியாபாரி. ‘ப்ளஃப் பண்ணும்போது தமிழ்ல பேசறாரு. நிஜமாவே சீட்டு வந்தா வாயில தெலுங்கு வருது.’”

“அது சரி. பொய் சொல்ல யோசிக்கணும், நிஜத்துக்கு வீட்டுப் பேச்சே போதும்,” என்றான் விமல்ராஜ் பெரிய ஞானி மாதிரி.

முனிலட்சுமி மேலே புரட்டினாள். ஒரு பக்கத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. “முனிராஜ். இவனைப் பத்தி ரெண்டே வரி. ‘தனியா ஒண்ணு சொல்லணும்னான். அடுத்த ஞாயிறு வரல.’”

முனிராஜ் என்ற பெயரை ஓசூரில் எல்லோரும் பேப்பரில் பார்த்திருந்தார்கள். மாசி மாதம் ஏரியில் மிதந்தவன். தவறி விழுந்துவிட்டான் என்று எழுதியிருந்தது. நீச்சலில் பரிசு வாங்கியவன் என்றும் அதே செய்தியில் எழுதியிருந்தது.

போய் நின்ற இடம் ஒரு ரோஜாத் தோட்டம். அதன் சொந்தக்காரர் திம்மப்பன். நிலம் வாங்கி விற்கிறவர், ஞாயிறு ஆட்டத்தை நடத்துகிறவரும் அவர்தான். மாநில எல்லையின் சர்வே கல்லைத் தாண்டி நாற்பது அடியில், கர்நாடக மண்ணில் நின்றது பூ பேக்கிங் ஷெட். ஆடி மாதம். கல்யாணம் இல்லை, ரோஜாவைச் சீந்த ஆளில்லை. வெட்டிய பூவையெல்லாம் ஷெட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் கொட்டியிருந்தார்கள். சிவப்பெல்லாம் கறுத்துப்போய் ஈ மொய்த்தது. ரோஜாவுக்கு இப்படியும் ஒரு நாற்றம் உண்டு என்பது விமல்ராஜுக்கு அன்றுதான் தெரிந்தது. கேட்டருகே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவனும் வணக்கம் சொல்லவில்லை, யார் என்றும் கேட்கவில்லை. காரின் நம்பரை மட்டும் நிதானமாகப் பார்த்தார்கள்.

“அக்கா, திரும்பிடலாமா? ஞாயித்துக்கிழமை, வீட்ல கறிக்கொழம்பு.”

“எறங்குடா.”

ஷெட்டுக்குள் பச்சை வலை வழியாக வெயில் மங்கலாக இறங்கியது. பூ தரம் பிரிக்கிற நீள மேஜைதான் ஆட்ட மேஜை. திம்மப்பன், எல்லப்பன், மாதேஷ், இன்னும் இரண்டு கம்பெனி ஆட்கள். ஹரீஷ் உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது. திம்மப்பன் அதையே முனிலட்சுமிக்குக் காட்டினார்.

“உக்காருங்கம்மா. ராசியான எடம்.” சிரித்தபோது அவர் கண் சிரிக்கவில்லை.

விமல்ராஜ் ஒரு பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு மாதேஷுக்குப் பின்னால் உட்கார்ந்தான். அக்காவுக்கு ரம்மிகூடச் சரியாக வராது என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அவள் நோட்டு சொன்னபடியே செய்தாள். சீட்டு வரும், பார்ப்பாள், கவிழ்த்துப் போடுவாள். கையைக் கட்டிக்கொண்டு ஆட்களைப் பார்ப்பாள். அரை மணி நேரத்தில் ஒரே ஒரு கை ஆடினாள், அதையும் ஜெயித்தாள்.

“அம்மா ஆட வந்தாங்களா, தூங்க வந்தாங்களா?” என்றார் திம்மப்பன்.

“எங்க தொழில்ல ரெண்டும் ஒண்ணுதாங்க, கண்ணு மட்டும் தொறந்திருக்கும்,” என்றான் விமல்ராஜ். யாரும் சிரிக்கவில்லை. வெளியே ஈக்களின் ரீங்காரம் கேட்டது.

முனிலட்சுமி எல்லப்பனிடம் திரும்பினாள். “அண்ணா, ஹரீஷைக் கடைசியா எப்ப பாத்தீங்க?”

எல்லப்பன் சீட்டைக் கீழே வைத்துவிட்டார். “நாக்கு தெலீதம்மா,” தனக்குத் தெரியாது என்று தொடங்கியவர் தெலுங்கிலேயே தொடர்ந்தார். போன ஞாயிறு அந்தப் பையன் பாதி ஆட்டத்தில் எழுந்து போனான், முகம் பேயறைந்த மாதிரி இருந்தது, பின்னாலேயே போய்க் கேட்டிருக்கணும், கேட்காமல் விட்டோமே என்று மனசு அடித்துக்கொள்கிறது. பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. விமல்ராஜ் மனசுக்குள் அவர் பெயரை அடித்தான். இந்த ஆள் இல்லை.

அடுத்த கை. விமல்ராஜ் அதை வாழ்நாளுக்கும் மறக்கமாட்டான். மாதேஷ் தன் இரண்டு சீட்டின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்தான். பின்னால் இருந்த விமல்ராஜுக்கும் தெரிந்தது. ராஜா. இன்னொரு ராஜா. அதைவிடப் பெரிய ஜோடி ஆஸ் மட்டும்தான். மாதேஷ் உற்சாகமாகப் பந்தயத்தை ஏற்றினான். திம்மப்பனும் அதே அளவு கட்டினார்.

முனிலட்சுமி தன் சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, டீ சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்: “மாதேஷ் தம்பி, ஒரு நல்ல சேதி. ஹரீஷ் இருக்கற எடம் தெரிஞ்சிபோச்சு. நாட்றாம்பாளையம். சாயங்காலமா போயி கூட்டிக்கினு வந்துடறேன்.”

விமல்ராஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எப்போது தெரிந்தது? யார் சொன்னது? காலையிலிருந்து அவள் கூடவேதானே இருக்கிறான்! வாயைத் திறக்கப் போனவனை அவள் பார்வை அப்படியே உட்காரவைத்தது.

மாதேஷ் “அப்பாடா!” என்றான். “சாமி காப்பாத்திச்சு மேடம்!” என்றான். எல்லாம் சொன்னான். ஆனால் பந்தயம் கட்டுகிற பிளாஸ்டிக் வில்லைகளைக் கலகலவென்று உருட்டிக்கொண்டிருந்த அவன் விரல் நின்றுபோனது. நடுச்சீட்டு மூன்றையும் மேஜையில் விரித்தார்கள். ஆஸ் கிடையாது, பயப்பட ஒன்றுமே கிடையாது. திம்மப்பன் ஒரு சின்னப் பந்தயம் வைத்தார். மாதேஷ் போனைப் பார்த்தான். பார்த்துவிட்டு, அந்த இரண்டு ராஜாக்களையும் கவிழ்த்துத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“கம்பெனில லைன் நின்னுபோச்சாம் மேடம். கூப்புடறாங்க.”

ஐந்து நிமிஷத்தில் திம்மப்பனுக்கும் மோட்டார் பார்க்கிற வேலை வந்துவிட்டது. ஆட்டம் அதோடு கலைந்தது. ஷெட்டை விட்டு வெளியே வந்தபோது ஒரு வெள்ளை ஜீப் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் திம்மப்பனும் மாதேஷும். கேட்டில் நின்ற இரண்டு பேரும் பின்சீட்டில். மாதேஷின் பைக் அங்கேயே நின்றது.

“தூரமாவே போ. கண்ணுல படாதே,” என்றாள் முனிலட்சுமி.

ஜீப் ஓசூருக்குள் புகுந்து வெளியே வந்தது. கம்பெனி இருக்கும் சிப்காட் பக்கம் திரும்பவே இல்லை. மத்திகிரி, கெலமங்கலம் திருப்பம், தேன்கனிக்கோட்டை. அங்கே அஞ்செட்டி ரோட்டில் திரும்பி, மலையைப் பார்த்துப் பறந்தது. முனிலட்சுமி காரை ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தச் சொன்னாள்.

“போதும். இனிமே பின்னால போனா தெரிஞ்சிபோயிடும். ரெண்டு டீ சொல்லு.”

“அக்கா, ஒண்ணு கேட்டா அடிக்கமாட்டீங்களே? என்ன நடக்குது?”

அவள் நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினாள். மேலே ‘மாதேஷ்’ என்று பெயர். கீழே மூன்று கட்டமும் காலி. மூலையில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர்.

“வெறும் பக்கம்தானே?”

“உனக்கும் வெறும் பக்கம், மாதேஷ் பாத்தா அவனுக்கும் வெறும் பக்கம். அவன் லைன்ல மெஷின் ஓட்டற ஆளு. நான் செக்கிங்ல இருந்தவ. சரக்கு நல்லதுன்னா பச்சை ஒட்டுவோம், குறைன்னா சிவப்பு. மஞ்சள்னா ஹோல்டு. சந்தேகம் இருக்கு, இதைத் தாண்டி ஒரு அடி நகத்தாதேன்னு அர்த்தம். ஹரீஷும் செக்கிங்தான். உயிர்த் தோழன் தலையில மஞ்சள் ஒட்டியிருக்கான்.”

விமல்ராஜ் அந்த ஸ்டிக்கரை விரலால் தொட்டுப் பார்த்தான்.

“மேசைலயும் பாத்தேன்,” என்றாள் அவள். “திம்மப்பனுக்கு நல்ல சீட்டு வர்றப்பல்லாம் மாதேஷ் பந்தயத்தை ஏத்தறான். நடுவுல இருக்கறவன் சிக்கினதும் இவன் நைசா கழண்டுக்கறான். ரெண்டு பேரும் கூட்டு. வாரா வாரம் கம்பெனிப் பசங்களை உரிக்கறாங்க. அதை முனிராஜ் கண்டுபிடிச்சான், ஏரிக்குப் போனான். இப்ப ஹரீஷ் கண்டுபிடிச்சிட்டான். பயந்து எங்கியோ ஒளிஞ்சிக்கினு இருக்கான். அவனைத் தேடிப் புடிக்கத்தான் மாதேஷ் நம்மளை வெச்சிருக்கான்.”

“அப்ப நாட்றாம்பாளையம்?”

“சும்மா விட்டது. ஹரீஷுக்கு யாருமே இல்லாத ஊரா ஒண்ணு வேணும். தோழன்னா என்ன பண்ணுவான்? நானும் வரேன் மேடம்னு என் கார்ல ஏறுவான். இவன் ரெண்டு ராஜாவைக் கவுத்துட்டு ஓடறான். ப்ளஃப் பலிச்சிடுச்சு பாரு. ராத்திரி வரைக்கும் மலையில வெறுங்காட்டைச் சுத்தட்டும். அதுக்குள்ள நாம ஸ்டேஷன்ல புகாரைக் குடுத்துடலாம்.”

அவள் முகத்தில் அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. விமல்ராஜுக்கும் தலைகால் புரியவில்லை. ஒரு டீ இரண்டானது. கூடவே இரண்டு போண்டாவும் வந்தது. “அக்கா, நீங்க இன்னும் நாலு ஞாயிறு அங்க உக்காந்தா திம்மப்பன் தோட்டத்தையே எழுதி வாங்கிடலாம்,” என்று அளந்தான். அந்தப் பெண் பாவம், நல்ல சேதியை அவளுக்கும் சொல்லலாம் என்று அவன்தான் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

“காவியாம்மா, கவலைப்படாதீங்க. யாருன்னு கண்டுபிடிச்சிட்டோம். மாதேஷ்தான். கூடவே திம்மப்பன். அக்கா போட்டாங்க பாருங்க ஒரு போடு, ரெண்டு பேரும் ஜீப்பைத் தூக்கிக்கினு அஞ்செட்டி மலை ஏறிட்டாங்க.”

“அஞ்செட்டியா? எதுக்கு அங்க போறாங்க?”

“ஹரீஷ் நாட்றாம்பாளையத்துல இருக்காருன்னு நம்பிட்டாங்க!”

போனில் ஒரு சத்தம் வந்தது. அலறல்கூட இல்லை. மூச்சு அறுந்த மாதிரி ஒரு சத்தம்.

“அண்ணா... அவரு அங்கதான் இருக்காரு.”

டீ கிளாஸ் முனிலட்சுமியின் கையிலேயே நின்றது.

“அவரோட சித்தப்பா தோட்டம்,” என்றாள் காவியா அழுகைக்கு நடுவே, கன்னடமும் தமிழுமாக. “மாமனாரோட பேச்சு நின்னு இருபது வருசம். அப்படி ஒரு சித்தப்பா இருக்கறதே யாருக்கும் தெரியாது, மாதேஷுக்கும் தெரியாது. அதனாலதான் அங்க போனாரு. யாரு கேட்டாலும் சொல்லாதே, நீயும் தேடற மாதிரியே இரு, நோட்டைக் கேட்டா குடுத்துடுன்னு சொல்லிட்டுப் போனாரு.”

“காலைல என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா,” என்றாள் முனிலட்சுமி.

“எப்படிக்கா சொல்லுவேன்? நீங்க அவன் கூட்டிக்கினு வந்த ஆளுங்க!”

காலையில் அந்த ஒரு பொய்யைத் தமிழில் சொன்னாள் பெண், மற்ற ஊர்களைப் பற்றியெல்லாம் வீட்டுப் பேச்சில் சொன்னாள். மேஜையில் எல்லப்பனைக் கண்டுபிடித்த இரண்டு பேரும் சோபாவில் காவியாவைக் கோட்டை விட்டுவிட்டார்கள். ‘சின்ன ஆட்டத்துல ப்ளஃப் பண்ணாதே’ என்று இரண்டு கோடு போட்டு எழுதிவைத்தவனின் தலையை வைத்தே ப்ளஃப் ஆடியாகிவிட்டது. விமல்ராஜுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. பாதி தின்ற போண்டாவைத் தூக்கி எறிந்தான்.

“அவருக்குப் போன் போடும்மா. உடனே!”

“அங்க டவர் கெடையாதுக்கா. ரெண்டு நாளைக்கு ஒருக்கா மேட்டுக்கு வந்து அவரே பேசுவாரு. நேத்துதான் பேசினாரு.”

முனிலட்சுமி காசை மேஜையில் வீசிவிட்டுக் காருக்கு ஓடினாள். தன் போனில் போலீஸ் அவசர எண்ணை அழைத்து ஜீப் நம்பரையும் ஊர்ப் பெயரையும் கத்தினாள். அஞ்செட்டியிலிருந்து ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். விமல்ராஜ் ஆல்ட்டோவைக் கிளப்பினான். மலைப் பாதை, முன்னால் பாறாங்கல் ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு ஏறியது. ஹார்னை அழுத்திய கையை அவன் எடுக்கவே இல்லை. ஸ்பீக்கரில் காவியா இன்னும் இருந்தாள்.

“அக்கா, அந்த ஊரு பேரு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சிது? யாரு சொன்னாங்க?”

விமல்ராஜ் ரோட்டைப் பார்த்தான்.

“நான்தாம்மா சொன்னேன்,” என்றாள் முனிலட்சுமி.

லாரி ஒரு வளைவில் ஒதுங்கியது. கார் அதைத் தாண்டியது. பிறகு காவியா, அழுகையை அடக்கிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவங்க போயி எவ்ளோ நேரம் ஆச்சுக்கா?”

முனிலட்சுமி உதட்டைக் கடித்துக்கொண்டாள். இப்பத்தான் போனார்கள், எட்டிப் பிடித்துவிடலாம் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு இவர்கள் போய்ச் சேரும் வரைக்குமாவது நிம்மதி இருந்திருக்கும். விமல்ராஜ்கூட அதைத்தான் எதிர்பார்த்தான்.

“அரை மணி நேரம் ஆச்சும்மா,” என்றாள் அவள். “டீ குடிச்சிக்கினு உக்காந்துட்டோம்.”